மெடிகேருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்: ஓய்வுபெறுவோர் தம் கணக்கைத் தாமே போட ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் 65 வயதை நெருங்கும் நம்மவர் பலரும் கேட்கும் முதல் கேள்வி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதுதான். 2026-ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில் 202 டாலர் 90 சென்ட். அந்தப் பதில் தவறன்று; ஆனால் அது மருத்துவர் கட்டணம், வெளிநோயாளி சிகிச்சை போன்றவற்றைப் பார்க்கும் பார்ட் பி என்னும் ஒரு பிரிவின் அடிப்படை பிரீமியம் மட்டுமே. வருமானத்தைப் பொறுத்த கூடுதல் கட்டணம், சிகிச்சையின்போது கையிலிருந்து தர வேண்டிய பங்கு, அந்தப் பங்கை ஈடுகட்ட வாங்கும் துணைக் காப்பீடு, மருந்துத் திட்டம் ஆகிய அனைத்தையும் சேர்த்தால்தான் ஆண்டுச் செலவு தெரியும். இவை ஆளுக்கு ஆள் மாறுவதால், நண்பர் கட்டும் தொகையைக் கேட்டு அதையே நமக்கும் வைத்துக்கொள்வது பயன் தராது.

கணக்குப் போட உட்காரும் முன் நான்கு தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியின் இணையக் கணக்கிலிருந்து எடுத்த உங்கள் வேலைப் பதிவு, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமான வரிப் படிவம், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், வேலையிடத்துக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று காட்டும் கடிதம்.

வேலைப் பதிவிலிருந்து தொடங்குங்கள். மருத்துவமனைச் செலவைப் பார்க்கும் பார்ட் ஏ, வேலை பார்த்து வரி கட்டியதற்குக் கிடைக்கும் கிரெடிட் என்னும் புள்ளிகளில் 40 சேர்த்தவர்களுக்குப் பிரீமியம் இல்லாமல் கிடைக்கிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு கிரெடிட்தான் என்பதால், இது குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு. இதை இலவசம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒவ்வொரு சம்பளத்திலும் 1.45% நாமும், அதே அளவு முதலாளியும் இதற்காகவே கட்டி வந்திருக்கிறோம். நீங்கள் வேலைக்கே போகாதவராயிருந்தாலும், கணவரோ மனைவியோ 40 கிரெடிட் பெற்று 62 வயதை எட்டியிருந்தால் அவர் பதிவைக் கொண்டு 65 வயதில் உங்களுக்கும் பார்ட் ஏ கிடைக்கும். இதை அறியாமல் வீணாகக் கவலைப்படும் இல்லத்தரசிகள் பலர் உண்டு. 30 முதல் 39 கிரெடிட் உள்ளவர் 2026-இல் மாதம் 311 டாலரும், அதற்கும் குறைவானவர் 565 டாலரும் தர வேண்டும்.

பெற்றோரை கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். 65 வயதைக் கடந்த பெற்றோர், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கு வசித்த பிறகே மெடிகேரை விலைக்கு வாங்கும் தகுதி பெறுகிறார்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், அவர்கள் அங்கே முப்பது ஆண்டுகள் வேலை பார்த்திருந்தாலும் அது இங்கே கணக்கில் வராது. பார்ட் ஏ-யை வாங்குபவர் பார்ட் பி-யையும் எடுத்தாக வேண்டும் என்பதால், ஒருவருக்கு மாதம் 767 டாலர் 90 சென்ட் ஆகிறது. ஐந்தாண்டு முடியும் மாதத்தை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அடுத்து வரிப் படிவம். 1966-இல் மெடிகேர் நடைமுறைக்கு வந்தபோது பார்ட் பி-யின் பிரீமியம் மாதம் 3 டாலராக இருந்தது. இன்று அடிப்படை பிரீமியம் அந்தப் பிரிவின் செலவில் சுமார் கால் பங்கை ஈடுகட்டும்படி நிர்ணயிக்கப்படுகிறது. மீதியின் பெரும்பகுதி அரசின் பொது வருவாயிலிருந்து வருகிறது. வருமானம் கூடியவர்கள் தம் பங்கைக் கூட்டித் தர வேண்டும் என்பதே பேச்சு வழக்கில் 'இர்மா' எனப்படும் கூடுதல் கட்டணத்தின் அடிப்படை. 2026-ஆம் ஆண்டின் கட்டணத்தைத் தீர்மானிப்பது பொதுவாக 2024-ஆம் ஆண்டின் வருமானம். வரிப் படிவத்தில் உள்ள சரிக்கட்டிய மொத்த வருமானத்தோடு வரிவிலக்குப் பெற்ற வட்டியையும் கூட்டிப் பாருங்கள். தனிநபருக்கு 1,09,000 டாலரையும், சேர்ந்து வரி கட்டும் தம்பதிக்கு 2,18,000 டாலரையும் அது தாண்டாவிட்டால் கூடுதல் கட்டணம் இல்லை.

தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு தம்பதியின் கணக்காகவே பார்ப்போம். 2024-இல் இருவரும் வேலையில் இருந்தார்கள். கூட்டு வருமானம் 2,30,000 டாலர். 2025 இறுதியில் இருவரும் ஓய்வுபெற்றுவிட்டார்கள். ஆனாலும் 2026-இல் ஒவ்வொருவருக்கும் பார்ட் பி பிரீமியம் 284 டாலர் 10 சென்ட் என்றும், மருந்துத் திட்டத்துக்கான கூடுதல் கட்டணம் 14 டாலர் 50 சென்ட் என்றும் கடிதம் வருகிறது. அடிப்படைத் தொகையோடு ஒப்பிட்டால் இருவருக்குமாக மாதம் 191 டாலர் 40 சென்ட் அதிகம். ஆண்டுக்கு 2,296 டாலர் 80 சென்ட். அவர்கள் வருமானம் 2,18,001 டாலராக இருந்திருந்தாலும் இதே தொகைதான், ஏனெனில் வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் படிக்குரிய முழுக் கட்டணமும் வந்து சேர்ந்துவிடும். மேல் படிகளில் பார்ட் பி மட்டுமே மாதம் 689 டாலர் 90 சென்ட் வரை போகிறது.

இந்தத் தம்பதி அந்தக் கடிதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஓய்வுபெறுதல், வேலை நேரக் குறைப்பு, திருமணம், மணமுறிவு, துணையின் மரணம் போன்ற காரணங்களால் வருமானம் குறைந்திருந்தால், எஸ்எஸ்ஏ-44 என்ற படிவத்தை நிரப்பி, வேலையிடத்திலிருந்து பெற்ற ஓய்வுக் கடிதத்தை இணைத்து, சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுத்தால் புதிய வருமானத்தின்படி கட்டணத்தைத் திருத்துவார்கள். என் அண்ணனுக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது, ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிகிற வேலை இது என்பதைக் கண்டேன். ஆனால் இப்படியொரு படிவம் இருப்பதையே அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வீடு விற்ற லாபத்தையோ, ஓய்வுக்காலச் சேமிப்பை, வரியை முன்பே கட்டிவிடும் ராத் கணக்குக்கு மாற்றியதையோ காரணமாகக் காட்ட இந்தப் படிவத்தில் இடமில்லை. எனவே அத்தகைய பெரிய பரிமாற்றங்களை 63 வயதுக்குரிய வரியாண்டு தொடங்கும் முன்பே முடிப்பது நல்லது. முடியாவிட்டால் வரம்பைத் தாண்டாதபடி பல ஆண்டுகளுக்குப் பிரித்துச் செய்யலாம்.

பிரீமியம் கட்டிய பிறகும் சிகிச்சைக்கான பங்கு இருக்கிறது. பார்ட் பி-யில் ஆண்டுக்கு முதல் 283 டாலர் உங்களுடையது. அதன்பின் மெடிகேர் ஒப்புக்கொள்ளும் கட்டணத்தில் 20% உங்களுடையது. ஒப்புக்கொண்ட கட்டணம் 10,000 டாலர் என்றால் நீங்கள் தருவது 2,226 டாலர் 40 சென்ட். இந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே இல்லை என்பதுதான் அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரின் மிகப் பெரிய ஓட்டை. நீண்ட புற்றுநோய் சிகிச்சையில் இது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடும்.

மருத்துவமனையில் சேர்ந்தால் பார்ட் ஏ-யில் முதல் 1,736 டாலரை நீங்கள் தர வேண்டும். முதல் 60 நாள்களுக்கு வேறு கட்டணம் இல்லை. இது ஆண்டுக்கு ஒருமுறை வரும் தொகை என்று பலர் நினைக்கிறார்கள். வீடு திரும்பி 60 நாள்கள் கடந்தபின் மீண்டும் சேர்ந்தால் மீண்டும் இதே தொகை வரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கட்டிலில் படுத்திருப்பவரெல்லாம் உள்நோயாளி அல்லர். சிலரைக் 'கண்காணிப்பு' என்ற பெயரில் வைத்திருப்பார்கள். அந்த நாள்கள் பார்ட் பி-யின் கீழ் போகும். அதன்பின் செவிலியர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தால், தொடர்ந்து மூன்று நாள்கள் உள்நோயாளியாக இருந்திருந்தால்தான் அசல் மெடிகேர் பணம் தரும். தகுதி இருந்தால் முதல் 20 நாள்களுக்குக் கட்டணம் இல்லை. 21-ஆம் நாளிலிருந்து 100-ஆம் நாள் வரை நாளொன்றுக்கு 217 டாலர். ஆகவே உடனிருப்பவர் முதல் நாளே, நோயாளியை எந்த நிலையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

மருந்துச் செலவுக்கு இப்போது ஒரு வரம்பு வந்திருப்பது பெரும் ஆறுதல். 2026-இல் பார்ட் டி என்னும் மருந்துத் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஆண்டுக்கு 2,100 டாலருக்கு மேல் கையிலிருந்து தர வேண்டியதில்லை; திட்டத்தில் உள்ள இன்சுலின் ஒவ்வொன்றுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. பட்டியலில் இல்லாத மருந்து இந்த வரம்புக்குள் வராது என்பதால், உங்கள் மருந்துகளின் பெயர்களை மெடிகேரின் இணையதளத்தில் உள்ளிட்டு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7-க்குள் திட்டங்களை ஒப்பிடுங்கள்.

20 சதவீத ஓட்டையை அடைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மெடிகேப் என்னும் துணைக் காப்பீடு. அதில் 'ஜி' வகையை எடுத்தால், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் பார்ட் பி-யின் 283 டாலரைத் தவிர ஏறக்குறைய எல்லாப் பங்கையும் அது பார்த்துக்கொள்ளும். அதற்குத் தனிப் பிரீமியம் உண்டு. மற்றொன்று தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ். அதற்குப் பெரும்பாலும் பிரீமியம் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. ஆனால் பார்ட் பி பிரீமியத்தைத் தொடர்ந்து கட்ட வேண்டும், வலைப்பின்னலில் உள்ள மருத்துவர்களிடம் போக வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். வலைப்பின்னலுக்குள் ஆண்டுக்கு அதிகபட்சம் 9,250 டாலர் வரை கையிலிருந்து போகலாம். பணவசதி இடம் கொடுத்தால் மெடிகேப்பையே முதலில் பாருங்கள் என்பேன். காரணம், 65 வயதுக்குப்பின் பார்ட் பி தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் கேட்டால் நோயைக் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது. அந்தக் காலம் போய்விட்டால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். பிற்காலத்தில் அட்வான்டேஜுக்கு மாறுவது எளிது, அங்கிருந்து திரும்புவதுதான் கடினம்.

தாமதத்துக்கும் விலை உண்டு. 65 வயது நிறையும் மாதம், அதற்கு முந்தைய மூன்று, பிந்தைய மூன்று என ஏழு மாதங்களுக்குள் பார்ட் பி-யில் சேர வேண்டும். இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் நீங்களோ துணையோ இன்னும் பணியில் இருந்து காப்பீடு பெற்றால் காத்திருக்கலாம்; வேலையை விட்டபின் கிடைக்கும் கோப்ரா காப்பீடு அந்தக் கணக்கில் சேராது. தகுந்த காப்பீடு இல்லாமல் 26 மாதங்கள் தாமதித்தவருக்கு, இரண்டு முழு ஆண்டுகளுக்காக 20% அபராதம் விழும். இன்றைய கணக்கில் மாதம் சுமார் 40 டாலர் 60 சென்ட், அதுவும் பார்ட் பி உள்ள காலம் முழுவதும். எச்எஸ்ஏ என்னும் வரிச்சலுகை உள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுபவர்கள், 65-க்குப்பின் மெடிகேரில் சேர்வதாயிருந்தால், ஆறு மாதம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும்.

வழக்கமான பல் சிகிச்சை, மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு அசல் மெடிகேர் பணம் தராது. அமெரிக்காவுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்கும் மிக அரிதான சூழல்கள் தவிரத் தராது. எனவே ஆண்டில் பாதியை இந்தியாவில் கழிப்பவர்கள் அதற்கெனத் தனிக் காப்பீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ளவர்களுக்கு, மாநில அரசின் மெடிகேர் சேமிப்புத் திட்டங்கள் பார்ட் பி பிரீமியத்தையே கட்டிவிடும். 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்னும் மத்திய அரசு உதவி மருந்துச் செலவைக் குறைக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்னும் ஆலோசனைச் சேவை கட்டணமின்றி உதவுகிறது. அவர்கள் எந்தக் காப்பீட்டையும் விற்பவர்கள் அல்லர் என்பதால், உங்கள் நான்கு தாள்களையும் முதலில் அவர்களிடம் எடுத்துச் செல்லுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி பெறுபவர்களுக்குப் பார்ட் பி தொகை அதிலேயே பிடிக்கப்படும். இன்னும் பெறத் தொடங்காதவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்; முதல் பில்லில் 608 டாலர் 70 சென்ட் என்று இருந்தால் பதற வேண்டாம், அது மூன்று மாதங்களின் அடிப்படை பிரீமியம்.