தடுமன் பிடித்தால் நான் செய்வது

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். வெளுக்கும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தால், இலையில் தங்கிய தண்ணீர் சரியாக உச்சந்தலையில்தான் சொட்டும். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. தடுமனுக்கும், அதாவது ஜலதோஷத்துக்கும், ரெண்டு சீசன். "தலை நனைஞ்சா தடுமன் வராம பின்ன என்னலே வரும்?" என்பாள் அம்மை. அது வைரஸால் வருவது என்று டாக்டர் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

எனக்குத் தடுமன் மூக்கோடு நிற்காது. கன்னத்துக்குள்ளும் புருவத்துக்கு மேலும் இருக்கும் காற்றறைகளின் வாசல் வீங்கி அடைத்துக்கொள்ளும். ரப்பர் பால் வடியும் சிரட்டையைக் கவிழ்க்கக் குனிந்தால் முகமே கழன்று விழுகிற மாதிரி ஒரு பாரம். மேல் கடவாய்ப்பல்லும் வலிக்கும். பல் சொத்தை என்றே முதலில் நினைத்தேன்.

ஒருமுறை கடையில் மூக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். விட்ட கொஞ்ச நேரத்தில் மூக்கு திறந்தது. அந்தச் சுகத்தில் ரெண்டு மாசம் விட்டேன்! பிறகு அது இல்லாமல் ஒரு ராத்திரிகூட உறக்கம் இல்லை. மருந்தின் வேகம் இறங்கும்போது உள்சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்குமாம். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதோடு விட்டுவிட வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை நான் பிரித்தே பார்க்கவில்லை.

இப்போது எனக்கு உப்புத்தண்ணீர்தான். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கொதி வந்தபின் ஐந்து நிமிஷம் அடுப்பிலேயே வைத்து, மூடி ஆறவிடுவேன். கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே மூக்கில் ஏற்றவே கூடாது. 2024லும் 2025லும் பக்கத்துக் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று பேசப்பட்டதே, அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. குடித்தால் அந்த நோய் வராது.

கால் லிட்டர் தண்ணீருக்கு, பொடித்த கல்லுப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைய. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா, அதாவது சமையல் சோடா. கரைத்து, கொதிநீரில் அலசிய துணியில் வடிகட்டுவேன். உப்பு போதாவிட்டால் சுருக்கென்று எரியும், குளத்தில் முங்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறுமே, அதே எரிச்சல். உப்பு சரியாக இருந்தால் தண்ணீர் போவதே தெரியாது. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு போதும். தொட்டிமேல் குனிந்து தலையைப் பக்கவாட்டில் சரித்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிட்டு, மேலே இருக்கும் மூக்குத் துவாரத்தில் மெதுவாகத் தள்ளுவேன். கீழ்த் துவாரம் வழியாகக் கொழகொழவென்று ஒட்டுப்பால் மாதிரி வரும். பார்க்கச் சகிக்காது, ஆனால் அதற்குப் பிறகு மூச்சு வரும் பாருங்கள்! முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாக லேசாகச் சிந்த வேண்டும். ஓங்கிச் சிந்தினால் காது அடைக்கும். மூக்கு முழுக்க அடைத்துக் கிடந்தால் வலிந்து ஏற்றாதீர்கள். கழுவிய சிரிஞ்சை நன்றாகக் காயவைக்க வேண்டும்.

ஆவி பிடிப்பது அடுத்தபடிதான். நொச்சி இலை போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் முகம் இளகும், அவ்வளவே. பாத்திரத்தைத் தரையில் அசையாமல் வைக்கவும்; சின்னப்பிள்ளைகளுக்கு வேண்டாம், வெந்துபோகும். கைக்குழந்தையின் மூக்கில் கற்பூரம் கலந்த தைலமும் தடவாதீர்கள். ராஸ்னாதிப் பொடி என்ற ஆயுர்வேதப் பொடியை உச்சியில் தேய்ப்பது அம்மையின் இலாகா, அதில் நான் தலையிடுவதில்லை.

குடிக்கச் சுக்குக்காப்பி. சுக்கும் நல்லமிளகும் தட்டிப்போட்டு, துளசி கிள்ளி, கருப்பட்டி கரைத்து. தொண்டைக்கு இதம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். ராத்திரி தலைக்கு ரெண்டு தலையணை. தடுமன் தீரும்வரை ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரைப் பக்கம் என் மனைவி என்னை விடமாட்டாள்.

பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தணிந்துவிடும். வைரஸ் தடுமனுக்கு ஆன்டிபயாடிக் பிரயோஜனப்படாது, கடையில் கேட்டு வாங்காதீர்கள். பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்த பிறகு மறுபடி காய்ச்சலும் முகவலியும் ஏறுகிறது என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை ரெண்டாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்தை மடக்க முடியாமை, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிவிடுங்கள், நடு ராத்திரியானாலும்.