ஊர் வெயிலும் வைட்டமின் டி-யும்: கொங்கு நாட்டுக்கு விடுமுறையில் வருவோருக்கு

ஒரு மாதம் ஊரில் இருந்தால் வைட்டமின் டி தானாக ஏறிவிடும் என்று நம்பித்தான் பலரும் விமானம் ஏறுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். கோவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது, நடுப்பகல் வெயிலில் ஆண்டு முழுக்கத் தோல் இதைத் தயாரிக்க முடியும். 51 பாகையில் உள்ள லண்டனில் குளிர்காலத்தில் அது அநேகமாக நடக்காது.

ஆனால் ஊருக்கு வந்து வெயிலில் எங்கே நிற்கிறோம்? கார், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், மறுபடி கார். கண்ணாடி வழியே வரும் வெயிலில் தேவையான கதிர் இருக்காது. தோட்டத்து வாசலில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் கை கால் தெரிய இருபது நிமிடம் போல நில்லுங்கள்; தோல் எரிந்தால் நிழலுக்கு வந்துவிடுங்கள். "உள்ள வா கண்ணு, கறுத்துப் போயிருவ" என்று அம்மிச்சி கூப்பிடுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், நம் கருந்தோலுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். ஆடியில் வந்தால் மேகமும் சாரலும்தான், வெயிலை நம்ப வேண்டாம்.

அப்புறம் கொழுப்பு. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடலில் கொழுப்பு கூடினால் ரத்தத்தில் அளவு குறைவாகவே நிற்கும். ஒரே உயரம், ஒரே எடை உள்ள வெள்ளையரைவிடத் தெற்காசியர் உடம்பில் பொதுவாகக் கொழுப்பு அதிகம். அதனால்தான் 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23-லிருந்தே கவனம் வேண்டும் என்றது. ஒல்லிதானே என்று விட்டுவிடாமல் இடுப்பை அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் வரம்பு. கறுப்பின அமெரிக்கருக்கு டி குறைவாக இருந்தும் எலும்பு அடர்த்தி கூடுதலாக இருப்பதுண்டு. எல்லா இனத்துக்கும் ஒரே எண் ஒரே பொருள் தராது, டாக்டரிடமே கேளுங்கள்.

ரத்தம் பார்ப்பதென்றால் அலகைக் கவனியுங்கள். கனடாவில் எடுத்த 40 என்ற அளவை இங்கே காட்டி, நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைந்தார் என் சித்தப்பா மகள். அது அந்த ஊர் அலகு, லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்பது; 2.5-ஆல் வகுத்தால் இந்த ஊர் அலகில், அதாவது மில்லிலிட்டருக்கு நானோகிராமில், வெறும் 16. 20-க்குக் கீழே என்றால் குறைபாடு.

இங்கே டாக்டர்கள் பெரும்பாலும் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று என எழுதுவார்கள். அதைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். மாத்திரைச் சீட்டையும் ரிப்போர்ட்டையும் கைப்பையில் எடுத்துப் போங்கள். மூன்று மாதம் கழித்து அங்கே மறுபடி பார்க்கும்போது உங்கள் டாக்டர் கேட்பார்.