கோழியைக் குளிப்பாட்டலாமா?

பெரும்பாலும் தேவையே இல்லை. கோழி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்குத் தண்ணீர் அல்ல, புழுதிதான் வேண்டும். மழை படாத ஒரு மூலையில் காய்ந்த மண், மணல், கொஞ்சம் விறகுச் சாம்பல் கலந்து ஒரு அகலமான தொட்டியில் கொட்டி வையுங்கள். அதில் புரண்டு இறகை உதறும்போது அதிகப்படி எண்ணெய்ப்பசை போகும், பேன் தொல்லையும் குறையும்.

எச்சம் பின்புற இறகில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மட்டும் கழுவியே ஆகவேண்டும். விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் ஊறவிட்டு மெதுவாக எடுங்கள். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும். சோப்பு வேண்டுமென்றால் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டு போதும், நன்றாக அலசிவிடுங்கள். தலையை நனைக்க வேண்டாம்.

குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவதுதான் பெரிய வேலை. மேல் இறகு காய்ந்தாலும் அடித்தூவி ஈரமாகவே இருக்கும். துண்டால் ஒற்றியெடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடியுங்கள். முழுக்கக் காயாமல் கூண்டில் விட்டால் குளிரில் நடுங்கும். வெயில் உள்ள காலை நேரமே சரி. குஞ்சுகளைக் குளிப்பாட்டக் கூடாது.

அடிக்கடி பின்புறம் அழுக்கானால் கழிச்சலோ குடற்புழுவோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவ மறக்காதீர்கள், சால்மோனெல்லா கிருமி கோழியிடமிருந்து நமக்கும் தொற்றும்.