வாடிக்கையாளரின் குவில்ட் டாப்பை லாங்ஆர்மில் ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவில்ட் என்பது மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. அமெரிக்காவில் அதைத் தைப்பவர்கள் பலர் டாப் என்கிற மேல்பக்கத்தை மட்டும்தான் தாங்களே தைக்கிறார்கள். துண்டுத் துணிகளை இணைத்து மேல்பக்கம் தயாரானதும், பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பையும் அடித்துணியையும் சேர்த்து, லாங்ஆர்ம் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு அடி நீள பிரேமில் மூன்று அடுக்கையும் பூட்டி, துணி நிற்க, இயந்திரத் தலையை நகர்த்தித் தைக்கிற வேலை இது. காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்யத் தொடங்குகிறவர்கள் டிசைனைப் பற்றியும் நூலைப் பற்றியும்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் கவலை டாப்பை வாங்கும் மேசையில் இருக்க வேண்டும். பிரேமில் தெரியவரும் கோளாறுகளில் முக்கால்வாசி அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே பெரிய தவறு, மடித்த பையை அப்படியே வாங்கி அலமாரியில் வைப்பது. கொடுத்தவர் எதிரில் நிற்கும்போதே டாப்பை முழுதாக விரித்து டேப்பை எடுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும், நீளத்தையும் அப்படியே. நடுவில் 60 அங்குலம், ஓரத்தில் 62 என்று வந்தால், டாப்பைச் சுற்றித் தைத்த பட்டையான பார்டர் அலை அடிக்கிறது என்று அர்த்தம். பார்டர் துணியை அளக்காமல் வைத்து ஓட்டிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் வெட்டுவதால் வருவது இது. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது இரண்டு துணியும் ஒரே அளவில் ஓடாவிட்டால் கரை இழுத்துக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். டாப்பின் நடுவில் அளந்து, அந்த அளவுக்கே பார்டரை வெட்டி, குண்டூசி குத்தித் தைத்திருந்தால் வந்திருக்காது.

"தைக்கும்போது சரியாகிவிடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் தொளதொளப்பு இருந்தால் ஆவி இஸ்திரியும், உப்பலான பேட்டிங்கும், சற்று நெருக்கமான தையலும் அதை விழுங்கிவிடும். இரண்டு அங்குலம் உபரி என்றால் மடிப்பு விழாமல் தப்பிக்க முடியாது. பார்டரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொண்டுவருகிறாரா, மடிப்பு விழுந்தாலும் பரவாயில்லை என்கிறாரா என்று கேட்டு, சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகப் பிரிக்க வேண்டாம். அது அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்ததாக இருக்கும்.

விரித்த கையோடு டாப்பின் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் கறுப்பு நூல் பிசிறு கிடந்தால், தைத்து முடித்தபின் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். அப்புறம் எடுக்கவே முடியாது. துண்டுகளை இணைத்த தையல் ஓரம் வரை வந்து முடிகிற டாப்பாக இருந்தால், சுற்றிலும் விளிம்பை ஒட்டி ஒரு ஓட்டுத் தையல் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரேம் இழுக்கிற இழுப்பில் ஓரத் தையல்கள் வாய் பிளக்கும். பட்டன், மணி எதுவும் இந்தக் கட்டத்தில் இருக்கக் கூடாது. தண்ணீரில் போகிற நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால் அதன்மேல் இஸ்திரி வைக்காதீர்கள், கறை நிலைத்துவிடும்.

அடித்துணிக்கு வருவோம். டாப்பின் அளவுக்கே வெட்டிக் கொண்டுவருவார்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் மாட்டிக்கொண்டீர்கள். நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும், அதாவது 60க்கு 80 டாப்புக்கு 68க்கு 88. பக்கவாட்டில் கிளிப் மாட்டி இழுக்கவும், இயந்திரத் தலை ஓரம் வரை இடிக்காமல் போகவும், டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சோதித்துப் பார்க்கவும் அந்த இடம் தேவை. மூலைகள் சதுரமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு துணியை இணைத்திருந்தால் தையலுக்குள் கரை, அதாவது துணியின் நெய்த ஓரம், வெட்டப்படாமல் இருக்கிறதா பாருங்கள். கரையின் நெசவு இறுக்கமானது. துவைத்ததும் அந்தக் கோடு மட்டும் சுருங்கி இழுக்கும். பெட்ஷீட்டை அடித்துணியாகக் கொடுப்பவர்களும் உண்டு. நெருக்கமாக நெய்த ஷீட்டில் ஊசி தடுமாறும், தையல் விட்டுப்போகும், நூல் அறும். நான் மறுத்துவிடுவதையே சிபாரிசு செய்வேன்.

பேட்டிங்கில் ஒரே ஒரு விஷயம்: தையல்களுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். சிலது 10 அங்குலம் வரை தாங்கும், சிலது 4தான். அதைப் படிக்காமல் பெரிய பெரிய வளைவாகப் போட்டால், நாலு துவைப்பில் உள்ளே பஞ்சு நகர்ந்து கட்டிகட்டியாகும்.

"உங்களுக்குப் பிடித்த மாதிரி போடுங்கள்" என்று வாடிக்கையாளர் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். குழந்தை இழுத்துப் போர்த்தி வாரம் ஒருமுறை துவைக்கப் போகும் குவில்ட்டா, சுவரில் தொங்கப் போகிறதா என்று கேளுங்கள். போர்த்துவதற்கென்றால் நெருக்கமான தையல் அதை அட்டை போல விறைக்க வைத்துவிடும். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே டிசைன் ஓடும் பான்டோகிராஃப் போதுமா, கட்டத்துக்குக் கட்டம் தனி வேலைப்பாடு வேண்டுமா, நூல் என்ன நிறம், டாப்பில் எது தலைப்பக்கம், எல்லாம் தாளில் வர வேண்டும். விலையும்தான். கணக்கு பெரும்பாலும் சதுர அங்குலத்தில் போடப்படுகிறது: 60க்கு 80 என்றால் 4,800 சதுர அங்குலம், அங்குலத்துக்கு இரண்டரை சென்ட் என்று வைத்துக்கொண்டால் 120 டாலர். பேட்டிங், நூல் தனியா, சேர்த்தா என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, பிரேமில் ஏற்றியாயிற்று. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மேல்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு தைப்பது. மேலே அழகாக இருக்கும். அடியில், அதுவும் வளைவு திரும்பும் இடங்களில், பாபினிலிருந்து வரும் அடிநூல் நேராகக் கிடக்க, மேல்நூல் கண் இமை முடி மாதிரி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஓரத்துக் கூடுதல் துணியில் வேகமாக இரண்டு வளைவு போட்டு, கையை அடியில் விட்டு விரல் நுனியால் தடவுங்கள். நெருடினால் டென்ஷன் சரியில்லை. பாபின் மாற்றும்போதெல்லாம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தால் ஒரு நிமிட வேலை. பார்க்காமல் அடுத்த வரிசைக்குச் சுருட்டிவிட்டால், முழுதாக இறக்கும்போதுதான் தெரியும். பிரிப்பதற்கு, தைத்ததைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

திருப்பிக் கொடுக்கும்போது, கேட்காமல் ஓரத்தை வெட்டாதீர்கள். விளிம்பை மூடித் தைக்கும் பட்டையான பைண்டிங்கை எப்படி வைக்கப்போகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். டாப்பில் அடர்சிவப்புத் துணி இருந்தால், முதல் துவைப்பில் சாயத்தை இழுத்துக்கொள்ளும் தாளைக் கூடப் போடச் சொல்லுங்கள். மிஞ்சிய அடித்துணியும் பேட்டிங்கும் அவர் கொண்டுவந்தது என்றால் துண்டாக இருந்தாலும் பையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.