பியர்டட் டிராகன் கூண்டில் வெப்பத்தைச் சரியாக அமைப்பது எப்படி?

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதிகளைச் சேர்ந்த ஓணான் வகை. அங்கே அது காலையில் பாறை மீதோ மரக்கிளை மீதோ ஏறி வெயில் காயும். சூடு மிகுந்ததும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். தன் உடலைத் தானே சூடாக வைத்திருக்க இயலாத உயிர் என்பதால், தின்ற இரை செரிப்பதற்கும் நோயை எதிர்ப்பதற்கும்கூட அது வெளியிலிருந்து பெறும் வெப்பத்தையே நம்பியிருக்கிறது. ஆகவே கூண்டு முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பது பெரிய தவறு. ஒரு முனை நன்றாகச் சூடேறியும் மறுமுனை மிதமாகவும் இருக்க வேண்டும். எந்த நேரத்தில் எங்கே இருப்பது என்பதை அந்த ஓணானே முடிவு செய்ய வேண்டும்.

படி 1: போதிய நீளமுள்ள கூண்டு

வளர்ந்த ஒரு டிராகனுக்குக் குறைந்தது 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட கூண்டு தேவை. சிறிய தொட்டியில் ஒரே விளக்கு எல்லா மூலைகளையும் சூடாக்கிவிடுவதால், ஒதுங்குவதற்கு இடமே இருக்காது.

படி 2: விளக்கும் வெயில் காயும் இடமும்

வெள்ளை ஒளி தரும் ஹாலோஜன் ஃப்ளட் பல்பு ஒன்றைப் பீங்கான் ஹோல்டரில் பொருத்தி, கூண்டின் ஒரு முனைக்கு மேலே அமையுங்கள். நடுவில் வைத்தால் இரு முனைகளுக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். அதற்கு நேர் கீழே தட்டையான கல், செங்கல் அல்லது தடித்த மரத்துண்டை, டிராகனின் முழு உடலும் ஒளிவட்டத்துக்குள் அடங்குமாறு வையுங்கள். விளக்கு கூண்டின் உள்ளே இருந்தால் கம்பி வலை மூடி கட்டாயம் வேண்டும். கடைகளில் விற்கும் சூடேறும் செயற்கைப் பாறைகளை வாங்கவே வேண்டாம். அவற்றின் மேல் படுத்து வயிறு வெந்துபோன ஓணான்கள் பல. இந்த உயிருக்கு வெப்பம் மேலிருந்து, ஒளியோடு சேர்ந்து வருவதுதான் இயல்பு.

புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குழல் விளக்கையும் இதே சூடான பக்கத்தில் பொருத்துங்கள். தோலில் வைட்டமின் டி3 உருவாவதற்குப் புற ஊதாக் கதிரோடு வெப்பமும் தேவைப்படுகிறது.

படி 3: அளந்து பார்த்தல்

பல்பின் வாட் எண்ணை வைத்துச் சூட்டை ஊகிக்க முடியாது. அதே 100 வாட் பல்பு அரை அடி உயரத்தில் ஒரு சூட்டையும் ஓர் அடி உயரத்தில் வேறொரு சூட்டையும் தரும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மானிகள் பெரும்பாலும் அந்தக் கண்ணாடியின் வெப்பத்தைத்தான் காட்டுகின்றன. ஆகவே கல்லின் மேற்பரப்பை அளக்க ஓர் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரும், காற்றை அளக்க நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் அலங்காரச் செடிகளையும் பாலங்களையும் தள்ளிப்போடலாம்; இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

விளக்கை எரியவிட்டு ஒரு மணி நேரம் கழித்து, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைக் கல்லுக்கு நேர் மேலே அருகில் பிடித்து அளவிடுங்கள். வளர்ந்த டிராகனுக்குக் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம்; குஞ்சுகளுக்கு ஓரிரு டிகிரி கூடுதலாக இருந்தாலும் தவறில்லை. மறுமுனையில் காற்று 24 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கல்லின் மேல் படுத்திருக்கும் டிராகனின் முதுகு, கல்லைவிட விளக்குக்குச் சில சென்டிமீட்டர் நெருக்கமாக இருப்பதால் இன்னும் கூடுதலாகச் சூடேறும். எனவே முதுகின் உயரத்திலும் ஒரு மரத்துண்டை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. அளவு மிகுந்தால் விளக்கை உயர்த்துங்கள், குறைந்தால் தாழ்த்துங்கள். ஒரு முழுப் பகலும் இரவும் அளவுகள் நிலையாக இருப்பதைக் கண்ட பிறகே டிராகனை உள்ளே விடுங்கள்.

படி 4: தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் என்பது கூண்டின் சூட்டை உணர்ந்து விளக்கைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி. ஹாலோஜன் பல்புக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட் பொருந்தும். முற்றிலும் அணைத்து எரியவிடும் வகையில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் உணரியைச் சூடான பக்கத்தில் உறுதியாகக் கட்டுங்கள். அது நழுவிக் குளிர்ந்த பக்கத்தில் விழுந்துவிட்டால், கூண்டு குளிர்ந்திருப்பதாகக் கருவி எண்ணி விளக்கை முழு வீச்சில் எரியவிடும்.

படி 5: இரவு

ஒரு நாளில் 12 மணி நேரம், கோடையில் 14 மணி நேரம் வரை விளக்குகள் எரியுமாறு டைமர் வைத்துவிட்டு, இரவில் எல்லா ஒளியையும் அணைத்துவிடுங்கள். இரவில் 18 முதல் 24 டிகிரி வரை இறங்குவது அதற்கு இயல்பானதே. 18-க்கும் கீழே இறங்கும் அறைகளில் மட்டும், ஒளி தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு பயன்படுத்தலாம். சிவப்பு, நீல நிற இரவு பல்புகள் அதன் உறக்கத்தைக் கெடுக்கும். தலையின் உச்சியில் ஒளியை உணரும் மூன்றாவது கண்ணும் அதற்கு உண்டு.

படி 6: டிராகனின் நடத்தையைக் கவனித்தல்

விளக்கின் கீழ் சிறிது நேரம் வாயைத் திறந்தபடி இருப்பது, மிகுந்த சூட்டை வெளியேற்றும் வழி; அதற்கு அஞ்ச வேண்டாம். குளிர்ந்த பக்கத்திலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கூண்டு முழுவதும் சூடேறிவிட்டது என்று பொருள். உடனே வாட் குறைந்த பல்புக்கு மாறுங்கள். அறையே 30 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் இது அடிக்கடி நேரும் என்பதால், அங்கே காற்றோட்டமும் மிக முக்கியம். மாறாக, நாள் முழுவதும் உடல் கறுத்து விளக்கடியிலேயே கிடந்து இரையைத் தொடாமல் இருந்தால் வெப்பம் போதவில்லை. விளக்கு அணைவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே உணவு கொடுத்து முடியுங்கள். குளிர்ந்த உடலில் இரை செரிக்காது.

குளிர்காலத்தில் வளர்ந்த டிராகன்கள் உணவைக் குறைத்து நெடுநேரம் உறங்குவதுண்டு. அது குளிர்கால உறக்கம்தான் என்று முடிவு கட்டும் முன், இரு முனைகளையும் மீண்டும் அளந்து பாருங்கள். அளவுகள் சரியாக இருந்தும் எடை குறைந்துகொண்டே போனால், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் கொண்டு செல்லுங்கள்.