கண்ணாடி போட்டவர்கள் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் படமெடுக்க: ஃபோகஸ் வைக்கும் முறை

ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) கண் வைத்துப் பார்த்தால் கொக்கின் கழுத்து இறகுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. அப்படியே கேமராவை மாட்டி எடுத்தால் படம் மங்கல். கண்ணாடி போடுபவர்களுக்கு இப்படி நடந்தால், பெரும்பாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் வைத்ததுதான் காரணம்.

ஸ்கோப்பின் ஃபோகஸ் சக்கரம் உங்கள் கண் பவரையும் சேர்த்தே ஈடுகட்டிவிடும். மைனஸ் 3 பவர் உள்ளவர் வெறுங்கண்ணால் பார்க்கும்போது, சக்கரத்தை அதற்கேற்பக் கூடுதலாகத் திருப்பியிருப்பார். கேமரா லென்ஸுக்கு அந்தப் பவர் கிடையாதே! மைனஸ் பவர் என்றாலாவது செல்போனின் ஆட்டோ ஃபோகஸ் ஓரளவு சமாளிக்கும். ஏறத்தாழ 33 செ.மீ. தூரத்துப் பொருளைப் படமெடுப்பது போலத்தான் அதற்கு. ப்ளஸ் பவர்காரர் வெறுங்கண்ணால் வைத்த ஃபோகஸை அதனாலும் சரிசெய்ய முடியாது. சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசம்) இருந்தால் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் கண்ணுக்கே முழுத் தெளிவு வராது. அதனால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

1. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை முழுவதும் உள்ளே இறக்கிவிடுங்கள். வட்டம் முழுதாகத் தெரியாமல் ஓரம் கறுத்தால் அந்த ஐபீஸின் ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரிய, ஐபீஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) போதவில்லை. புதிதாக வாங்குபவர்கள் 16 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்குவது நல்லது.

2. டிரைபாடை இறுக்கி, ஜூமைக் குறைந்த அளவில் வையுங்கள். 20-60 மடங்கு பெரிதாக்கும் ஐபீஸ் என்றால் 20.

3. இனி ஃபோகஸ். இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் சக்கரத்தைக் கிட்டத்துப் பொருளுக்கான பக்கம் திருப்பி, காட்சியை வேண்டுமென்றே மங்கலாக்குங்கள். அப்புறம் தூரத்துப் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். முதன்முதலாகத் தெளிவு வரும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினாலும் சிறிது தூரம் தெளிவாகவே தெரியும். ஆனால் அது உங்கள் கண் தானாக இறுக்கிக்கொண்டு ஈடுகொடுப்பதால் வரும் தெளிவு. இளம் கண்களில் இது அதிகம். புரோகிரஸிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) என்றால் மேல் பகுதி வழியாகப் பாருங்கள்.

4. செல்போனை ஐபீஸோடு பிணைக்கும் அடாப்டரில் போனை மாட்டுங்கள். சுற்றிலும் கறுப்பு வளையம் தெரிந்தால், அது மறையும்வரை போனில் கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். பறவையின் கண் மீது விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் லாக் ஆகிவிடும்.

5. கடைசித் திருத்தம் திரையைப் பார்த்துத்தான். சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். பறவையின் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி மிகச் சிறியதாக, கூர்மையாகத் தெரியும் இடம்தான் சரியான ஃபோகஸ். கிட்டத்தில் படிக்கத் தனிக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் அதை மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரை மங்குவதைப் படத்தின் மங்கல் என்று நினைத்துவிடுவீர்கள். ஐபீஸ் இல்லாமல் நேரடியாகக் கேமராவை மாட்டுபவர்கள் 3ஆம் படியை விட்டுவிட்டு, லைவ் வியூவை (கேமரா திரையில் தெரியும் நேரடிக் காட்சி) பெரிதாக்கி இதையே செய்யலாம்.

6. 2 நொடி டைமர் வைத்து எடுங்கள். தொடும் அதிர்வு அடங்கிவிடும். சக்கரத்தை இம்மி இம்மியாக நகர்த்தி நாலைந்து படம் எடுத்து வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓரங்கள் நெளிந்து நெளிந்து தெரிந்தால் அது கானல். வெயில் ஏறிய பிறகு எந்த ஃபோகஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது, மறுநாள் அதிகாலையில் வந்து எடுங்கள்.