பூனை ஏன் தண்ணி பவுல்ல கைய விட்டு கலக்குது? ஊட்டி குளிர்ல அத குடிக்க வைக்கறது எப்படி

பூனைக்கு தண்ணின்னாலே ஆகாதுன்னு சொல்வாங்க, ஆனா பைப்ப தொறந்தா ஓடி வந்து சிங்க்ல ஏறி உக்காரும், அதுக்குன்னு வச்ச பவுல தட்டி தரையெல்லாம் ஈரமாக்கும், கடைசில நீங்க குடிக்க எடுத்து வச்ச சொம்புக்குள்ள தலைய விடும். திமிர் எல்லாம் இல்லைங்க, எந்த தண்ணி நல்ல தண்ணி, அது எங்க இருக்குன்னு அது செக் பண்ணிக்குது, அவ்ளோதான். நாம வைக்கற விதத்த மாத்துனா போதும்.

பூனைக்கு தூரத்துல ஓடற எலி நல்லா தெரியும், ஆனா மூக்குக்கு முன்னாடி ஒரு அடிக்குள்ள இருக்கறது மங்கலாத்தான் தெரியும். அசையாத தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு பிடிபடாது, அதான் கைய விட்டு கலக்கி பாக்குது. அதோட அது நாய் மாதிரி நாக்க தண்ணிக்குள்ள முக்கி குடிக்காது, நாக்கு நுனியால தண்ணிய லேசா தொட்டு சட்டுனு மேல இழுக்கும், கூட எழும்பற தண்ணிய வாய மூடி பிடிச்சுக்கும், செகண்டுக்கு சுமார் 4 தடவ (2010ல அமெரிக்காவுல ஹைஸ்பீட் கேமரா வச்சு இத படம் எடுத்துட்டாங்க). அதனால அகலமான செராமிக் பவுலா வாங்கி, விளிம்பு கிட்ட வரைக்கும், தினமும் ஒரே அளவுக்கு ரொப்புங்க. ஸ்டீல் வேணாம்னு இல்ல, ஆனா நம்ம ஊர் மார்கழி காலைல அதுல மூக்கு வைக்க நமக்கே மனசு வராது.

சோத்துத் தட்டு பக்கத்துலயே தண்ணிய வைக்காதீங்க, அது ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற மண் தொட்டி பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க. வீட்டுல ரெண்டு மூணு இடத்துல தள்ளித் தள்ளி வைங்க.

இப்ப முக்கியமான விஷயம். வீட்டுப் பூனையோட மூதாதை வறண்ட நிலத்து காட்டுப்பூனை, பிடிச்சு தின்ன எலி, பறவையில இருந்தே வேண்டிய தண்ணில பெரும்பகுதிய எடுத்துக்கும், யூரின கெட்டியாக்கி தண்ணிய மிச்சம் பண்ற கிட்னி அதுக்கு. அதனால தாகமே கம்மி. டிசம்பர் ஜனவரில உறைபனி விழற நேரத்துல டிரம் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், அத யார் குடிப்பா? காலைல டீக்கு தண்ணி காய வைக்கறப்ப கொஞ்சம் எடுத்து பவுல்ல கலந்து வெதுவெதுப்பா வைங்க, சாயங்காலம் இன்னொரு தடவ.

அத விட நல்ல வழி சாப்பாட்டுலயே தண்ணி சேக்கறது. கடைல வாங்கற காஞ்ச உணவுல 10 சதவீதம் தான் தண்ணி, ஈர உணவுல 75க்கு மேல. 4 கிலோ பூனைக்கு சாப்பாட்டோட சேத்து ஒரு நாளைக்கு 200 மில்லி கிட்ட வேணும், கணக்கு போட்டு பாருங்க. கோழியோ மீனோ உப்பு போடாம வேக வச்ச தண்ணிய சூடு ஆறினதும் ஊத்தி பிசைஞ்சு குடுங்க. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு, ரசம் வேணாம், அது பூனைக்கு விஷம். பாலும் தண்ணிக்கு பதில் ஆகாது, வளந்த பூனைங்க நெறைய பேருக்கு பால் செரிக்காம வயித்தால போகும்.

ஓடற தண்ணிதான் கேக்குதுன்னா கரண்ட்ல தண்ணிய சுத்தி ஓட விடற சின்ன ஃபவுண்டன் வாங்கலாம். பைப் தண்ணி நாள் விட்டு நாள் வர்ற ஊர்ல டேப்ப தொறந்து விட்டு வேடிக்க பாக்க முடியுமா? கரண்ட் போயிடும், அதனால சாதா பவுலும் இருக்கட்டும். டிரம்மு, பக்கெட்டுக்கு மூடி கட்டாயம், குட்டி உள்ள விழுந்தா வழுக்கும், ஏற முடியாது.

குளிப்பாட்டறத பத்தி கேட்டா, வேணாம்னுதான் சொல்வேன், அதுவே நக்கி சுத்தம் பண்ணிக்கும். முடி நனைஞ்சா சீக்கிரம் காயாது, உடம்பு சூடு எறங்கிடும், அதான் அப்படி கத்துது. சாக்கடைல விழுந்து வந்தா மத்தியானம் வெயில் இருக்கறப்ப வெதுவெதுப்பான தண்ணில கழுவி, டவலால ஒத்தி எடுங்க. ஈரம் காயட்டும்னு ரூம பூட்டிட்டு கரி அடுப்பு மட்டும் வைக்காதீங்க, அதுல வர்ற விஷ வாயு ஆளையே கொல்லும். நீலகிரி தைலம் நம்ம ஊர் சரக்குதான், ஆனா பூனைக்கு ஆகாது. குளிக்கற தண்ணில ஊத்தாதீங்க, தரை தொடைக்கற தண்ணிலயும் வேணாம், பாதத்த நக்கியே உள்ள போயிடும்.

திடீர்னு ரொம்ப குடிக்குது, எப்ப பாத்தாலும் பைப் கிட்டயே நிக்குதுன்னா, அதுவும் வயசான பூனைன்னா, கிட்னி, சுகர், தைராய்டு ஏதாவது இருக்கலாம். காலைல அளந்து ஊத்தி மறுநாள் மிச்சத்த அளந்து எழுதி வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட காட்டுங்க.

கடுவன் பூனை மண் தொட்டில முக்கி முக்கி உக்காந்து யூரின் வராம கத்துச்சுன்னா மட்டும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அடைச்சுக்கிட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும். பூனைய தூக்கிட்டு போற கூடைய எப்பவும் ரெடியா வைங்க, வெட் நம்பர் போன்ல இருக்கட்டும், இங்க டாக்டர் கிடைக்கலன்னா கோயம்புத்தூர் எறங்கணும், மழைல குன்னூர் ரோட்டுல மண் சரிஞ்சிருந்தா கோத்தகிரி வழியா எறங்கிடுங்க.